மாப்பிள்ளைக்கு ஒரு சொல்

சென்ற வாரம் ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கிய காதுக்காரி, என்ன நடந்தது என்று கேட்ட தாய்க்குத் தந்த விடை ஒரே வரி. "ஓவரா போயிடுச்சும்மா" என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, வீட்டாரும் துருவவில்லை.

எது ஓவராகப் போயிற்று? இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எவராலும் எதையும் அறிந்துகொள்ள இயலாது. வெயில் கூடினாலும் ஓவர், விலை கூடினாலும் ஓவர், ஒருவன் மனைவியை அடித்தாலும் ஓவர், கொஞ்சினாலும் ஓவர். இரவல் வாங்குவதென்று முடிவு செய்த பின் இன்னும் நான்கைந்து சொற்களைச் சேர்த்தே வாங்கியிருக்கலாம். கடையில் அவை இல்லாமல் இல்லை.

அந்தச் சொற்கள் கிடைக்கும் கடையே அந்த வீடுதான் என்பது இதில் இன்னும் பெரிய கொடுமை.

காதுக்காரியின் தந்தை கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பொருளால் நெருங்கி நிற்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டும் அகராதி ஒன்றைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். தெருவில் அவருக்கு அகராதிக்காரர் என்றே பெயர். அவருடைய மனைவி மருந்துக்கடையில் பணி புரிந்தவர், அவர் மருந்தம்மா. மகள், காது மந்தமானவர்களைப் பரிசோதித்துக் கருவி பொருத்தும் நிலையத்தில் வேலை பார்ப்பவள், ஆகவே காதுக்காரி. பெயர் வைப்பதில் அந்தத் தெரு தலையைப் போட்டு உடைத்துக்கொள்வதில்லை.

அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை வருவதாக இருந்தது. மனைவியை அழைத்துப் போக வருகிறேன் என்று முந்தின நாளே மாமியாரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மருந்தம்மா விடிந்ததிலிருந்து சமையலறையில் பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தார். மகள் ஓர் ஓரமாக உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தாய் சொன்னார்.

"நான் போகலம்மா. திங்கட்கிழமை வேலைக்குப் போகணும். இங்கேருந்தே போறேன்."

வேலைக்குப் போகாமல் இருந்தவளுக்கு நிலையத்தின் தலைமை மருத்துவர் கெடு வைத்திருந்தார். திங்கட்கிழமை வந்தால் பழைய இடம். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருத்தி. இதை அவள் தாயிடம் சொன்னாள். கணவரோடு கிளம்பினால் அந்த வேலைக்குத் திரும்ப முடியாது என்பதையும் சொன்னாள். ஏன் முடியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மருந்தம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, மருந்துக்கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பவரைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"தொடறதே இல்ல."

"வேற எங்கேயாவது…"

"அம்மா, அதெல்லாம் இல்ல."

இல்லை என்ற விடைகள் கூடக்கூட மாப்பிள்ளை உயர்ந்துகொண்டே போனார். மருந்தம்மாவுக்கு முன்பே அவர்மீது கொள்ளைப் பிரியம். கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, நாள் தவறாமல் நகரத்தின் மறுகோடியிலிருந்து வந்து மாமியாரின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் போனவர் அந்த மாப்பிள்ளை. பெற்ற பிள்ளை இருந்திருந்தால் இப்படி வந்திருப்பானா என்று அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆகவே இப்போது, இப்படி ஒரு மனிதனை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவளுக்குக் கொழுப்பைத் தவிர வேறு நோய் இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்து, அடுப்பை மறுபடியும் கூட்டினார்.

காதுக்காரி பட்டாணித் தோலை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினாள்.

சனிக்கிழமை முற்பகலில் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் எழுதப்பட்ட எடுத்துக்காட்டு வாக்கியங்களை அகராதிக்காரர் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படிப்பார். வாக்கியத்தில் இருக்கும் சொல்லை எழுப்பிவிட்டு, அதன் பங்காளிச் சொல் ஒன்றை அதே இடத்தில் உட்கார்த்திப் பார்ப்பது கேட்பவர்களின் வேலை. பங்காளி வசதியாக உட்கார்ந்துவிட்டால் வாக்கியம் தோற்றது, அடித்துவிட வேண்டும். ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் உட்கார இயலாத வாக்கியம் மட்டுமே அகராதிக்குள் போகும். எவரும் வாய் திறக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

இந்த வழக்கத்தால் ஒரு தொல்லை விளைந்தது. கற்பனையாகப் புனைந்த வாக்கியம் எதுவும் தேறுவதில்லை. அரசன் ஒருவன் அளவின்றிச் செலவு செய்தான் என்று எழுதினால், மிகையைக் குறிக்கும் அத்தனை சொற்களும் அதில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். கண்ணால் கண்டது, அதிலும் பக்கத்தில் நடந்தது, அதுவே தேறும். எனவே எடுத்துக்காட்டு எழுதும் பொறுப்பு மெல்ல மெல்ல மருந்தம்மாவின் கைக்கு வந்துவிட்டது. அந்த அகராதியைப் புரட்டினால் தெருவின் சண்டை சச்சரவுகள் பலவற்றை அகர வரிசையில் படிக்கலாம்.

அன்று படிக்கவேண்டியவை, மிகையைக் குறிக்கும் சொற்கள். அகராதிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட நேரத்தில் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

அவர் மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் நிறுவனத்தில் பொறியாளர். அடக்கமாகப் பேசுவார், காலணியை வாசலிலேயே நேராக வைத்துவிட்டு வருவார். வெறுங்கையோடு வரும் பழக்கமும் இல்லை. மாமியாருக்குக் கண் சொட்டு மருந்து, மாமனாருக்கு வாசிப்பு விளக்கு. மனைவிக்குக் கைபேசியை நிமிர்த்தி நிறுத்தி வைக்கும் சிறு தாங்கி ஒன்று. மடக்கலாம், திருப்பலாம், எந்த மேசையிலும் நிற்கும். அவரே அதைப் பிரித்து மேசைமேல் வைத்து, மனைவியின் கைபேசியை எடுத்து அதில் நிறுத்திக் காட்டினார். கைபேசியின் முகம் அவளைப் பார்த்து நின்றது.

அவள் அதை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தாள்.

அவர் சிரித்துக்கொண்டே அதை மறுபடியும் நிமிர்த்தி வைத்தார். மருந்தம்மாவும் சிரித்தார்.

உட்காருங்கள் மாப்பிள்ளை, நீங்களும் கேளுங்கள் என்று அகராதிக்காரர் அழைத்தார். புதிய காது ஒன்று கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

முதலில் வந்தது எக்ஸெசிவ். மருந்தம்மாவின் வாக்கியம் இருமல் மருந்தில் சேர்க்கும் இனிப்பைப் பற்றியது. மாப்பிள்ளை தயங்காமல் தம் தொழிலிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார்.

"லிஃப்ட்ல ஆள் கூடினா மணி அடிக்குமே மாமா. அதுவும் எக்ஸெசிவ்தானே?"

"சரியா பிடிச்சீங்க. எவ்வளவு போதும்னு தெரிஞ்ச எடத்துல, அதைத் தாண்டினா எக்ஸெசிவ்."

அடுத்தது இம்மாடரேட். தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியாதவனின் மிகை அது என்று அகராதிக்காரர் விளக்கினார். எடுத்துக்காட்டு, தொலைக்காட்சி பார்த்து அடுத்த வீட்டுக்காரர் சிரிக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்து பாத்திரத்தைத் தட்டுவதை எல்லாரும் அறிவார்கள் என்பதால் ஒருவரும் மறுக்கவில்லை.

பிறகு ஒரே குழாய்க்காரரைப் பற்றிய இரண்டு வாக்கியங்கள். ஒழுகும் குழாயைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வராமல் இழுத்தடித்த தாமதம் இன்ஆர்டினேட். நியாயமான மனிதன் எவனும் ஒப்புக்கொள்ளும் எல்லையை அது கடந்துவிட்டது. ஒருவழியாக வந்து, ஒரு ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டு அவர் கேட்ட கூலியோ எக்ஸார்பிடன்ட்.

இரண்டும் ஒன்றுதானே, இடம் மாற்றிப் போட்டால் என்ன என்று மாப்பிள்ளை கேட்டார். கேள்வியில் குறும்பு இல்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"ஒண்ணு இல்ல மாப்பிள்ளை. எக்ஸார்பிடன்ட்ங்கறது எதிராளிகிட்ட கேக்கறதுல வர்ற மிகை. வாடகை, கூலி, கோரிக்கை, இந்த மாதிரி. வழக்கமா கேக்கற தடத்தை விட்டு வெளியே போய்க் கேக்கறது. அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் எக்ஸ்ட்ராவகன்ட். அது தன் கையிலேருந்து குடுக்கறதுல. செலவு, பாராட்டு, வாக்குறுதி. கணக்குப் பாக்காம அள்ளி விடறவனைச் சொல்றது."

இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த தாளை எடுத்தார். மருந்தம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். இந்த வாக்கியத்தை மாப்பிள்ளை இருக்கும்போதே படிக்கவேண்டும் என்று காலையிலேயே கணவரிடம் சொல்லி வைத்திருந்தார். படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். அந்த வீட்டாரைத் தவிர வேறு எவரும் செய்திருக்க மாட்டாத பிழை அது. ஒரு குடும்பத் தகராறை எடுத்துக்காட்டு வாக்கியத்தால் தீர்க்கலாம் என்று வேறு எந்த வீட்டிலும் நினைக்க மாட்டார்கள்.

அகராதிக்காரர் ஆங்கிலத்தில் படித்தார். எங்கள் மருமகன் தன் மனைவிமேல் வைத்திருக்கும் அன்பு எக்ஸ்ட்ராவகன்ட் என்பது அதன் பொருள்.

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. தலை குனிந்துகொண்டு மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அது நல்ல பார்வைதான். அதில் பொய் இல்லை.

"யாராவது மாத்திப் போடறீங்களா?" என்று வழக்கப்படி கேட்டுவிட்டு, அகராதிக்காரர் ஒப்புதல் குறியிடப் பேனாவைத் திறந்தார்.

"எக்ஸார்பிடன்ட்" என்றாள் காதுக்காரி.

"அது பொருந்தாதேம்மா. இப்பத்தானே சொன்னேன். எதிராளிகிட்ட கேக்கறதுக்கு."

"அதனாலதாம்பா சொன்னேன்."

பேனா திறந்தபடியே நின்றது. மருந்தம்மா முதலில் விளையாட்டு என்றே நினைத்தார். மகளின் முகத்தைப் பார்த்த பின் அப்படி நினைக்கவில்லை.

காதுக்காரி குரலை உயர்த்தாமல் சொன்னாள். கேட்பவர் காதுக்கு எவ்வளவு போதும் என்று அளந்து பேசுவது அவளுடைய தொழில். காலையில் வேலைக்குப் போனதும் கைபேசியை மேசைமேல் நிறுத்தி வைக்கவேண்டும். காணொளி அழைப்பில் அவள் முகம் அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கவேண்டும். பேசவேண்டியதில்லை. தெரிந்தால் போதும். அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் மின்தூக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்தில் கைபேசியை வைத்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். உடன் வேலை செய்பவர்கள் தங்கள் முகமும் அதில் விழுந்துவிடுமோ என்று அவள் மேசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சாப்பாட்டையும் தனியாகச் சாப்பிட்டாள்.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் காது பரிசோதிக்கும் அறை இருக்கிறதே, அது வெளிச் சத்தம் நுழையாதபடி தடித்த சுவரால் அடைத்துக் கட்டியது. அதற்குள் கைபேசிக்கும் உயிர் இருக்காது. அவள் உள்ளே போகும்போதெல்லாம் இணைப்பு அறுந்துவிடும். ஒரு நாள் அறுந்ததும் அவர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நேரே நிலையத்துக்கு வந்து, பரிசோதனை நடக்கும்போதே அந்த அறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே, மெல்லிய ஒலிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்த முதியவர் திடுக்கிட்டுக் காதொலிப்பானைக் கழற்றிவிட்டு, யார் செத்துப் போனார்கள் என்று கேட்டாராம்.

"ஒருத்தரும் சாகல, என் வீட்டுக்காரர் என்னைப் பாக்க வந்திருக்கார்னு சொன்னேன்" என்றாள். "அன்னிக்கு ராத்திரி இவர் என்ன சொன்னார் தெரியுமாப்பா? அந்த ரூம் வேலையை விட்டுடு, முன்னாடி மேசையில உக்காந்து வர்றவங்க பேரை எழுது, அங்க நெட்வொர்க் கிடைக்குதுன்னார்."

அவள் படித்த படிப்பு அந்த அறைக்காக. வாசல் மேசையில் உட்கார அந்தப் படிப்பு வேண்டியதில்லை. இதை அவள் சொல்லவில்லை. அவளைப் படிக்க வைத்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை மறுக்கவில்லை. நடந்தது அப்படியே நடந்ததுதான் என்று தலையசைத்தார். பிறகு மாமியாரைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு அவளைப் பாக்காம இருக்க முடியல அத்தை. மனசு அடிச்சுக்குது. இது ஒரு தப்பா?"

"நீங்க பாக்கறது தப்பில்ல" என்றாள் காதுக்காரி. "நான் காட்டிக்கிட்டே இருக்கணும்ங்கறீங்க."

மருந்தம்மா மேசைமேல் நின்ற தாங்கியைப் பார்த்தார். கைபேசி அப்போதும் மகளின் முகத்தை நோக்கியே நின்றுகொண்டிருந்தது. கணவர் அவள் எதிரில், கை நீட்டினால் தொடும் தொலைவில் உட்கார்ந்திருந்தார்.

அகராதிக்காரருக்கு நிலைமை விளங்காமல் இல்லை. விளங்கியதனாலேயே அவர் தமக்குத் தெரிந்த ஒரே இடத்தில் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். சொல்லறிந்தவர்கள் பலரும் இக்கட்டில் இதைத்தான் செய்கிறார்கள். இது சகிக்கத் தகாத கோழைத்தனம்.

"இருந்தாலும்மா, அன்பு என்கிற சொல்லோட எக்ஸார்பிடன்ட்டை யாரும் சேத்து எழுதறதில்ல. அது சேராது."

"சேராதுன்னா, அன்புங்கற சொல்லை எடுத்துடுங்கப்பா."

 அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார். அகராதிக்காரர் தாளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு அந்த வாக்கியம் முழுவதன்மீதும் ஒரு கோடு இழுத்தார். எழுதிய மருந்தம்மா அதைத் தடுக்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார்.

"எல்லாரும் உக்காந்து எனக்கு ஒரு வார்த்தை தேடிட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "இப்ப வர்றியா, இல்லையா?" என்றார்.

"திங்கட்கிழமை வேலைக்குப் போறேன். அந்த ரூமுக்கே."

"அப்போ நான் என்னதான் பண்ணணும்? சொல்லு. பண்றேன்."

"ஒண்ணும் பண்ண வேண்டாம். கொஞ்ச நாளைக்கு என்கிட்ட ஒண்ணும் கேக்காம இருங்க. அது போதும்."

சரி என்று அவர் ஒப்புக்கொண்டார். உடனே ஒப்புக்கொண்டார். மாமனாரிடம் விடைபெற்றார். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று எவரும் சொல்லவில்லை. சமையலறையில் விருந்து ஆறிக்கொண்டிருந்தது. வாசலில் காலணியைப் போட்டுக்கொண்டவர் திரும்பிப் பார்த்தார்.

"ராத்திரி ஒரே ஒரு தடவை கூப்பிடறேன். எடுப்பியா?"

கேட்க மாட்டேன் என்று சொன்ன வாயின் ஈரம் காய்வதற்குள் கேட்டுவிட்டார். தாம் கேட்டதை அவர் கவனிக்கவே இல்லை. மற்ற மூவரும் கவனித்தார்கள்.

 காதுக்காரி வாயைத் திறப்பதற்குள் மருந்தம்மா அவளைத் தாண்டி வாசலுக்குப் போனார். மேசையிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்த தாங்கியை மடக்கி மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"கூப்பிடணும்னு தோணிச்சுன்னா என் நம்பருக்குக் கூப்பிடுங்க மாப்பிள்ளை. நான் எடுக்கறேன்."

"உங்களுக்கா அத்தை?"

"ஆமா. அவளைப் பத்தி என்ன கேக்கணுமோ என்கிட்ட கேளுங்க. எத்தனை தடவை வேணும்னாலும்."

அந்தக் குரலை மருந்துக்கடைக்கு வந்துபோனவர்கள் அறிவார்கள். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்பவரிடம் பேசும் குரல் அது. மரியாதையில் எள்ளளவும் குறையாது. மாத்திரை மட்டும் கிடைக்காது. மாப்பிள்ளை தாங்கியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அவருடைய வண்டி தெருமுனையில் திரும்புவதற்குள் மருந்தம்மாவின் கைபேசி ஒலித்தது. அவர் சொன்ன சொல் தவறாமல் எடுத்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை, எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டார். பிறகு அப்படியா என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றார் அகராதிக்காரர்.

மருந்தம்மா மகளைப் பார்த்துச் சொன்னார்.

"திங்கட்கிழமை உங்க எடத்துல நேரம் வாங்கியிருக்காராம். நேத்தே வாங்கிட்டாராம், உன் பேரைச் சொல்லி. நீ அன்னிக்குத் திரும்பி வரலாம்னு அங்க சொன்னாங்களாம். மொத ஆளா வர்றாராம். காது சரியா கேக்கலையாம்."

நேரம் வாங்கி வரும் நோயாளியைத் திருப்பி அனுப்பும் உரிமை காதுக்காரிக்கு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சத்தமற்ற அறைக்குள் அவரை உட்கார வைத்து, அவர் காதில் தன் கையாலேயே கருவியை மாட்டியாக வேண்டும். அவர் இன்னும் நெருங்கி வருகிறாரா, அல்லது ஒருமுறையாவது காது கொடுத்துக் கேட்கத்தான் வருகிறாரா என்பதை அந்த மேசையில் இருந்த மூவரில் எவராலும் சொல்ல முடியவில்லை.

 காதுக்காரி, வேலையில் பேசும் அதே குரலில் கேட்டாள்.

"எந்தக் காதாம்?"